மூத்தவள் இடப்பக்கம் இழுப்பாள்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

என் இடப்பக்கத்துக்காரனுக்கு உன் வலப்பக்கத்துக்காரன் எழுதுவது.

நானும் உன் தங்கையும் நலம். உன் மகள், மருமகன், பேத்தி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் முழங்கால் என்ன சொல்கிறது? படி ஏற விடுகிறதா?

முதலில் ஒன்று. யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே. எழுதுவது நான்தான். ஒவ்வொரு எழுத்தும் என் கை. பத்து மாதமாக, வாரம் மூன்று நாள், நூலகத்து மாடியில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறேன். பதினோரு பேர் படிக்கிறோம். அறுபத்தாறு வயதில் நான்தான் எல்லோருக்கும் மூத்தவன். பக்கத்தில் உட்காரும் தையற்கார அம்மா, "பெரியவரே, கையை வச்சு மறைக்காதீங்க, நானும் பாத்து எழுத வேணாமா?" என்று சண்டைக்கு வருகிறாள். என்னைப் பார்த்து எழுதவும் ஓர் ஆள் இருக்கிறாள் என்றால் நீ நம்புவாயா? மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனால் மனதில் நினைத்தது காகிதத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால், நாம் மேடைக்குத் தள்ளிவரும் பியானோவின் மூன்று சக்கரமும் குறி பிசகாமல் நிற்பதைப் பார்க்கிற மாதிரி ஒரு நிம்மதி.

சந்தோஷம் இவ்வளவுதான். மீதிக் கடிதம் முழுக்க எரிச்சல். பொறுத்துக்கொண்டு படி.

நேற்று மாலை நம் அரங்கத்தில் இந்தப் பருவத்தின் முதல் கச்சேரி. நீ ஊருக்குப் போன மறுநாளே மேடைத் தரையை மாற்றுகிறோம் என்று அரங்கத்தை மூடினார்கள். பத்து மாதம் கழித்து இப்போதுதான் திறந்தார்கள். சிம்பொனிக் குழுவில் எண்பத்திரண்டு பேர். பியானோ வாசிக்க வெளியூரிலிருந்து ஓர் அம்மையார் விருந்தாளியாக வந்திருந்தார். ஆயிரத்து எண்ணூறு இருக்கையும் நிரம்பிவிட்டது. போதாததற்கு வானொலியில் நேரடி ஒலிபரப்பு.

புதுத் தரை பார்க்க அழகு, கால் வைத்தால் வழுக்கு. பியானோச் சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் நாம் பதித்த பித்தளைக் குமிழ்கள் நினைவிருக்கிறதா? அவற்றை நாலு விரல் தள்ளிப் பதித்திருக்கிறார்கள். கேட்டால் தச்சர் அளவெடுத்தது சரிதான் என்கிறார். அந்தக் குமிழ்களின் மேலேயே வானொலிக்காரர்கள் ஒயரைப் போட்டு டேப் ஒட்டினார்கள். மூன்று தரம் உரித்தேன், மூன்று தரம் ஒட்டினார்கள். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் நெட்டை. இன்னொருவன் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருப்பவன். பியானோவை இரண்டு பேரும் பொட்டி என்கிறார்கள். "இந்தப் பொட்டிய எங்க எறக்கணும் பெரியவரே?" எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மேடை வரைபடத்தை என்னிடம் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் அந்தக் காகிதத்தை நீ படிப்பாய், நான் வைப்பேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்தக் கட்டடத்தில் உன் ஒருவனுக்குத்தான் தெரியும். நேற்று நானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்று உரக்கப் படித்தேன். இரண்டாம் வயலின், பன்னிரண்டு நாற்காலி. டபுள் பாஸ், ஆறு உயர முக்காலி. நெட்டையன் நான் சொன்ன இடத்தில் வைத்தான். நீ நிற்கும் அதே இடத்தில், நீ தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாயே, அப்படியே நின்றேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

இனிமேல்தான் விஷயம். உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் எழுதுகிறேன், எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நம் அரங்கத்துக்கு இரண்டு பியானோ. இரண்டும் கருப்பு, இரண்டும் ஒரே நீளம். ஒரு குடும்பம் அன்பளிப்பாகக் கொடுத்த பழையது மூத்தவள். அரங்கம் வாங்கிய புதியது இளையவள். பெயர் வைத்தது நீ. மூத்தவளின் மெல்லிய உறையில் 'நன்கொடை' என்றும், இளையவளின் பஞ்சு வைத்த உறையில் 'அரங்கம்' என்றும் தைத்திருக்கும். பதினோரு வருடம் முன்பு பியானோ அறைக் கூரை ஒழுகியபோது, மூத்தவள் ஈரம் தாங்கமாட்டாள் என்று பஞ்சு உறையை அவளுக்குப் போட்டோம். கூரையைச் சரி செய்தார்கள். நாம் உறையைத் திருப்பி மாற்றவே இல்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எனக்கு எழுத்து தெரியாது, உனக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மையார் இரண்டையும் வாசித்துப் பார்த்து மூத்தவளைத்தான் கேட்டார். சுருதி சேர்க்கிறவர் சரி செய்து வைத்தார். வரைபடத்தில் 'நன்கொடைப் பியானோ' என்று எழுதியாயிற்று. சனிக்கிழமை காலை ஒத்திகையும் மூத்தவளில்தான் நடந்தது. முடிந்ததும் அவளைப் பியானோ அறைக்குத் தள்ளிவந்து உறை போட்டேன். எந்த உறை? வேறு எந்த உறை, பஞ்சு உறைதான்.

மாலையில் முதலில் பியானோ இல்லாத ஓர் உருப்படி. பதினோரு நிமிடம். அது முடிந்ததும் முன்வரிசை வயலின் நாற்காலிகளை நகர்த்திவிட்டு, ஜனங்கள் பார்க்கப் பார்க்கப் பியானோவை மேடைக்குக் கொண்டுவர வேண்டும். நாம் இருவரும் நாலு நிமிடத்தில் முடிப்போம். நான் வரைபடத்தைப் பார்த்தேன். நன்கொடை. பியானோ அறை வாசலில் நின்று உறையைப் பார்த்தேன். நன்கொடை. எழுத்துக் கூட்டாமல், ஒரே மூச்சில் படித்தேன். "அதை எடுங்கப்பா" என்று அதிகாரமாகக் கையை நீட்டினேன். கிட்டே போகக்கூட இல்லை. மதியம் உறை போட்டது பதினோரு வருடப் பழக்கத்துக் கை. மாலையில் படித்தது பத்து மாதப் பழக்கத்துக் கண். இரண்டும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ளவில்லை.

மேடை வாசல் மேட்டில் மூன்றாவது ஆள் வேண்டுமல்லவா, அங்கேதான் நான் கை வைத்தேன். பியானோவின் வால் பக்கம், வலது, என் இடம். விளக்கு வெளிச்சத்துக்கு வந்தோம். அவள் நேராகப் போனாள். பரவாயில்லையே, புதுத் தரை நல்ல தரைதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். குமிழுக்கு மேல் வந்து நின்றதும்தான் உறைத்தது. மூத்தவள் இடப்பக்கம் இழுப்பாள். அந்தக் கோணல் சக்கரத்தோடு முப்பத்தொரு வருடம் அவளை நேராக ஓட்டியது இடப்பக்கத்திலிருந்த உன் தோள். நீ இல்லாமல் அவள் நேராகப் போக வழியே இல்லை. இது இளையவள்.

யாருக்கும் தெரியாது. நெட்டையன் மூடியைத் தூக்கி நிறுத்தப் போகிறான். வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். அந்த அம்மையார் வந்து உட்கார்ந்து முதல் கட்டையைத் தொட்ட பிறகு ஆயிரத்து எண்ணூறு பேர் முன்னால் என்ன செய்திருப்பார்? நான் சொன்னேன், "திருப்புங்கப்பா, இது இல்ல." மெல்லுகிறவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். "பெரியவரே, ஜனங்க பாக்குறாங்க." பார்க்கட்டும் என்றேன். ஜனங்கள் முதலில் கைதட்டினார்கள். பியானோ திரும்பிப் போவதைப் பார்த்ததும் சிரித்தார்கள். முதல் வயலின் அம்மா, "இன்னைக்கு வேற பொட்டி இருக்கா, இல்ல இதேதானா?" என்று என் காதுபட முனகினார். அவருக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது பார்.

மேடை ஓரத்தில் அந்த அம்மையார் நின்றிருந்தார். இது நீங்கள் கேட்டது இல்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இளையவள் மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடியே தெரிஞ்சுதே, அதுவே போதும். நீங்க மெதுவா வாங்க, எனக்கு அவசரம் இல்ல" என்று சொல்லி ஒரு டிரம் பெட்டியின் மேல் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படாதவர் அவர் ஒருவர்தான். மூத்தவளை வெளியே எடுத்தால், இடப்பக்கம் பிடிக்க நெட்டையனுக்குத் தெரியவில்லை. அவள் ஒயர் மேல் ஏறினாள், செல்லோக்காரர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். எட்டு நிமிடம்! நாலு நிமிட வேலைக்கு எட்டு நிமிடம் கூடுதல்.

பிறகு வாசித்தார். மூத்தவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. கேட்டேன் என்று சொல்வதும் பொய். பக்கத்தில் மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது எங்கே கேட்பது?

இந்த மேலாளர் புதிது. முப்பது வயதுப் பெண், கெட்டவள் இல்லை. கச்சேரி முடிந்ததும் நாற்காலி அறைக்குக் கூப்பிட்டாள். "எட்டு நிமிஷம் ரேடியோல ஒண்ணுமே இல்லங்க. அறிவிப்பாளர் அந்த இசையமைப்பாளர் பொறந்த ஊரை மூணு தரம் சொல்லியிருக்கார்." நான் உறை மாறிய கதையைச் சொன்னேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றாள். செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறது. தப்பு யாருடையதோ அவர் இனி மேடையில் இருக்க முடியாதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊருக்குப் போயிட்டாரே, அவர் மாத்தி வச்சிட்டுப் போயிட்டார்னு எழுதிக் குடுங்க. அவருக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, உங்களுக்கும் வேலை நிக்கும்" என்றாள். நல்லதாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை எழுந்ததும் உன் கடிதத்தைப் பிரித்தேன். ஆமாம், ஒன்பது மாதம் முன்பு வந்த உன் கடிதம். திக்காமல் திணறாமல் படிக்க வந்த பிறகுதான் அதைத் தொடுவது என்று பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். பதில் வராமல் நீ என்னென்ன நினைத்தாயோ. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய்: "அரங்கம் திறந்ததும் புதிதாக வருகிறவர்கள் உறையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாம் மாற்றிப் போட்டிருப்பதை மேலாளரிடம் சொல்லிவிடு." தலையில் அடித்துக்கொண்டேன். உன் தங்கை விடுவாளா? "நாலு தரம் கேட்டேன், படிச்சுக் காட்டவான்னு. நானே படிப்பேன், நானே படிப்பேன்னு பூட்டி வச்சீங்க. இப்ப படிங்க, நல்லா படிங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

இரண்டாம் பக்கமும் படித்தேன். டீ அறையில் எல்லோர் முன்னாலும், "நான் போயிட்டா உனக்கு யாருடா படிச்சுச் சொல்வா?" என்று கேட்டுவிட்டாய், கேட்டிருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். அன்று அங்கே இருந்தவர்கள் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள், விஷயம் புரியவில்லை. நான்தான் மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தில் ஸ்டேஷனுக்கும் வரவில்லை, பரவாயில்லை என்று முடித்திருக்கிறாய். ஸ்டேஷன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

விளக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். மூன்று தாள் வீணாயிற்று. முதல் தாளில் கூரை மேல் பழி போட்டேன். இரண்டாவதில் நெட்டையன் மேல். மூன்றாவதில் உன் பெயரின் முதல் எழுத்து வரை வந்துவிட்டேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். கிழித்துப் போட்டேன். நாலாவதன் நகல் இது. குற்றம் குறை இருந்தால் சொல்.

"மேலாளர் அவர்களுக்கு. சனிக்கிழமை வேறு பியானோவை மேடைக்குக் கொண்டுவந்தது நான். உறைகளை மாற்றிப் போட்டது பதினோரு வருடம் முன்பு, நாங்கள் இருவரும் சேர்ந்து. கூரை ஒழுகியதால் மாற்றினோம். பியானோ நனையவில்லை. எனக்கு முப்பத்தொரு வருடம் படிக்கத் தெரியாது. என் கூட்டாளி வரைபடத்தைப் படித்துச் சொல்வார், நான் கையால் தொட்டுப் பார்த்து எடுப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்தப் பெருமையில் கையால் தொட்டுப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டேன். தப்பு என் ஒருவனுடையது. இதை எழுதியதும் நானே."

கை வலிக்கிறது. மீதி பிறகு.

செவ்வாய்க்கிழமை, மாலை.

நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் நின்றபடி படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தொரு வருஷமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காகிதத்தை மடிக்காமல் கோப்பில் வைத்தாள். அந்தக் கட்டடத்தில் இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன். கீழே வந்ததும் நன்றாகப் பசித்தது.

இன்று கமிட்டி முடிவு வந்தது. என்னை அனுப்பவில்லை. மேடையில் இருக்கலாமாம். ஆனால் வரைபடத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்! அதை இனி மேலாளரே படிப்பாளாம், நான் பழையபடி கையால் பார்த்து எடுக்க வேண்டுமாம். பத்து மாதம் படி ஏறி இறங்கிப் படித்தவனுக்கு இது தேவையா, நீயே சொல். எழுத்துத் தெரியாதவரை காகிதம் என் பக்கம் வரவே இல்லை. தெரிந்ததும் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. வகுப்பில் சொன்னேன். தையற்கார அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

உறைகளில் எழுத்தைப் பிரித்து மாற்றித் தைக்கிறார்கள். மூத்தவளின் சக்கரத்தையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பியானோக் கச்சேரிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இடப்பக்கம் பிடிக்க யாராவது தெரிந்தவர் உண்டா என்று மேலாளர் கேட்டாள். ஒருவன் இருக்கிறான், முழங்கால் ஒத்துழைத்தால் வருவான் என்றேன். ஓர் ஆளைப் பழக்கிவிட்டுப் போனால் போதும். உன் மகளிடம் பத்து நாள் என்று சொல். உன் தங்கை இப்போதே உன் கட்டிலுக்குப் போர்வை துவைக்கிறாள்.

இப்போது ஸ்டேஷன் விஷயம்.

நான் வந்தேன். உன் வண்டி புறப்பட அரைமணி நேரம் முன்பே வந்துவிட்டேன். கையில் உன் தங்கை உனக்காகக் கட்டிக்கொடுத்த சாப்பாடு. எண் தெரியும், கடிகாரம் தெரியும். ஆனால் அதே நேரத்துக்கு மூன்று வண்டி, பலகையில் உன் ஊர் எந்த வரி என்றுதான் தெரியவில்லை. எப்போதும் நீதானே பார்த்துச் சொல்வாய். ஒரு சீருடைக்காரரைக் கேட்டேன். "போர்டுல பெருசா போட்டிருக்கே, பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். இன்னொருவரைக் கேட்க வாய் வரவில்லை. கூட்டம் எங்கே அதிகமோ அங்கே போய் நின்றேன், ஐந்தாம் நடைமேடை. எதிரே மூன்றிலிருந்து ஒரு வண்டி நகர்ந்தது. ஜன்னலில் உன் சாம்பல் நிறத் தொப்பி. நீ ஸ்டேஷன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கத்தினேன். நீ திரும்பவில்லை.

கோபத்தில்தான் வரவில்லை என்று நீ நினைத்துக்கொள்வாய், அதுவே வசதி என்று விட்டுவிட்டேன். மறுநாள் நூலகத்தில் பெயர் கொடுத்தேன். சாப்பாட்டை வழியிலேயே நான் தின்றுவிட்டு, நீ ருசித்துச் சாப்பிட்டதாக உன் தங்கையிடம் சொன்னேன். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன் முழங்கால் சீக்கிரம் சரியாகட்டும். பேத்திக்கு என் ஆசிகள். என்றைக்கு, எந்த வண்டி என்று மட்டும் எழுது. எந்த மேடை என்று எழுதாதே. பலகையைப் பார்த்து நானே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் வலப்பக்கத்துக்காரன்